மச்சான் முதுகில் கிரகணம்

அறுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம். காலையில் சூரிய கிரகணம் தெரியும், ஊர் சனங்களுக்கெல்லாம் காட்டப்போகிறேன் என்றார் சயின்ஸ் வாத்தியார். சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் கடலூருக்கு வருகிறவர். பள்ளிக்கூடத்து அறை ஒன்றை இருட்டாக்கி, சன்னலில் சிறு துளை விட்டு, சூரியனையே சுவரில் விழவைப்பாராம். மறைப்புக்குக் கறுப்புத் துணி என் ஜவுளிக் கடையிலிருந்துதான் போயிற்று. எனக்குப் பார்க்கக் கொள்ளை ஆசை.

ஆனால் எதிரே எங்கள் பள்ளிவாசலில் அதே நேரத்துக்குக் கிரகணத் தொழுகை. அல்லாஹ்வின் முன் நிற்க வேண்டிய நேரத்தில் வேடிக்கைக்குப் போக மனம் வரவில்லை.

"கிரகணம் வுடுற வரைக்கும் ஹஜ்ரத் நம்மள வுடமாட்டாரு மாப்ளே. துணி மட்டும் போய்ப் பாத்துட்டு வரும்" என்று சிரித்தார் என் மனைவியின் அண்ணன்.

உள்ளே இடமில்லை. முற்றத்தில், வேப்பமரத்தடியில் நின்றோம். மச்சான் எனக்கு முன் வரிசை. இந்தத் தொழுகையில் ஒருமுறை குனிந்து நிமிர்ந்த பிறகு மறுபடி நின்று ஓதி, இன்னொரு முறை குனிய வேண்டும். மச்சானோ தினப்படி பழக்கத்தில், முதல் தடவை நிமிர்ந்ததுமே நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார். எல்லோரும் நிற்கிறோம், அவர் மட்டும் கீழே!

தொழுகையில் பார்வை தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்த்தினேன். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகு முழுக்கப் பிறைகள்! இலைச் சந்துகளில் வந்த வெயிலின் ஒவ்வொரு பொட்டும் கடிபட்ட சூரியனாக விழுந்திருந்தது. மச்சான் தவறு புரிந்து திருதிருவென்று விழித்தபடி எழுந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தொழவைத்த ஹஜ்ரத்தின் பயான் உரை முடிந்தபோதும் கிரகணம் முழுதாக விட்டிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் வாத்தியாரைக் கூட்டி வந்தேன். சுவரில் தெரிவதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. பிள்ளைகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"மச்சான், இன்னொருவாட்டி குனிங்க. சார் பாக்கணும்."

"அல்லாவுக்குத்தான் குனிவேன். ஒங்க சாருக்கெல்லாம் குனிய மாட்டேன், போங்க!"

ஆனாலும் சட்டையைக் கழற்றி மரத்தடியில் விரித்தார். "என் சன்னல்ல ஒரே ஓட்டை. இங்க எலைக்கு எல ஓட்டை" என்று வாத்தியார் மண்டியிட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கினார். பனியனோடு நின்ற மச்சான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக என்னிடம் கேட்டார்:

"இம்மாம் பிறையும் எம்முதுகுலயா மாப்ளே இருந்துச்சி?"