குடமுழுக்கு நேரலையை நிறுத்தினேன்

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் சிவன் கோயில் குடமுழுக்கு. அன்று காலை நான் கோயிலுக்குள் இல்லை. தேர் நிற்கும் தேர்முட்டிக்கு எதிரே, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்திய தற்காலிக செல்போன் டவருக்குக் கீழே, ஒரு வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு மொபைல் நிறுவனத்தின் தஞ்சாவூர் அலுவலகத்தில் நெட்வொர்க் பொறியாளர் வேலை எனக்கு. எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே டவர் கொள்ளளவை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

என்னோடு கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார். டெக்னீஷியன். அலுவலகத்தில் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஜெனரேட்டரும் ஆன்டெனாவும் அவர் பாடு, கணினித் திரை என் பாடு.

அம்மாவையும் அன்று கூட்டிவந்திருந்தேன். அம்மா அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள நிலங்களில் நடவுக்கு வந்திருக்கிறாள், களையெடுக்க வந்திருக்கிறாள். வடக்குத் தெருவுக்குள் மட்டும் அவர்கள் யாரும் நடந்ததில்லை. நடக்க விட்டதில்லை. "அந்தத் தெருவுல நின்னு கும்பத்துல தண்ணி ஊத்துறதப் பாக்கணும்டி" என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் அங்கே கொண்டுபோய் விட்டேன். தெரு நடுவில் பெரிய எல்இடி திரை வைத்திருந்தார்கள். "கோபுரத்துக்கிட்ட போவாதம்மா, நெரிசல். இந்தத் திரை முன்னாடியே நில்லு. எல்லாம் இதுலயே தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் தலைமுறை நெட்வொர்க்கில் ஒரு வசதி உண்டு. ஒரே டவரின் கொள்ளளவைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்துவிடலாம். ஒரு பங்கில் எவ்வளவு நெரிசல் வந்தாலும் அது அடுத்த பங்கைத் தொடாது. அன்றைக்கு மூன்று பங்கு வைத்திருந்தோம். ஒன்று காவல் துறைக்கு. கூட்டத்தை மேலிருந்து பார்க்கும் டிரோன் படம் அதில் போகும். இரண்டாவது நேரலைக்கு. நான்கு தெருத் திரைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் படம் அதில்தான் போனது. அதற்கு எங்கள் நிறுவனம் தனி ஒப்பந்தம் போட்டிருந்தது. மிச்சம் இருந்தது பொதுமக்களுக்கு. அது விடிந்ததிலிருந்தே திணறிக்கொண்டிருந்தது. வீடியோ எதுவும் நகரவில்லை. பேச்சு மட்டும் விட்டு விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

யாகசாலையிலிருந்து புனித நீர்க் கடங்கள் புறப்பட்டுவிட்டன என்று ஸ்பீக்கரில் அறிவித்த நேரம். வேன் கதவை யாரோ தட்டினார்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர். காலையிலிருந்து எங்கள் வேனுக்குப் பக்கத்துப் பந்தலில்தான் டிரோன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே படம் வேனுக்குள்ளும் ஒரு சின்னத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மேடம், மேலத் தெருவுல ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கிட்டு நிக்குது. உள்ள நெஞ்சுவலி கேஸு. கேமரா கனெக்ட் ஆவலங்கிறாங்க. நீங்களே பேசுங்க" என்று தன் போனை நீட்டினார்.

மறுமுனையில் ஒரு நர்ஸ். குரல் நடுங்கவில்லை, ஆனால் வேகமாகப் பேசினாள். "மேடம், இது தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வண்டி. உள்ளேர்ந்தே டாக்டருக்கு ஈசிஜியும் வீடியோவும் போவும். டவுன்ல நல்லா போச்சு. இங்க போவ மாட்டேங்குது. பேஷன்ட்டுக்கு வேர்த்துக் கொட்டுது. ரத்த அடைப்பக் கரைக்கிற ஊசி கையில வச்சிருக்கேன். டாக்டர் பாக்காம போடச் சொல்ல மாட்டாங்க. வண்டியும் நகராது."

எனக்கு உடனே விளங்கியது. அந்த ஆம்புலன்ஸின் சிம்முக்கு தஞ்சாவூர் டவர்களில் தனிப் பங்கு உண்டு. இந்தத் தற்காலிக டவரில் இல்லை. அந்த வண்டி வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அது பொதுமக்கள் பங்கில், ஆயிரக்கணக்கான போன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

பங்கை இங்கேயும் திறந்துவிடலாம். என் கணினியிலிருந்தே முடியும். ஆனால் கொள்ளளவு முழுவதும் ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. யாரிடமிருந்தாவது எடுத்தால்தான் உண்டு. பொதுமக்கள் பங்கில் கை வைத்தால், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவர்களின் அழைப்புகூட நின்றுபோகும்.

சென்னையில் இருந்த மேலாளரைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும், "போலீஸ் பங்குலேர்ந்து எடுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. "டிரோன் படம் போச்சுன்னா எனக்கு கண்ணு அவிஞ்ச மாதிரி. எங்க நெருக்குதுன்னு எப்படித் தெரியும்? முடியாதுங்க."

"அப்ப நேரலையத்தான் சார் குறைக்கணும்" என்றேன் போனில்.

"அதத் தொடாதீங்க. யார் யாரோ பெரியவங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் மேல பேசி அனுமதி வாங்கித் தர்றேன். கொஞ்சம் பொறுங்க."

"பேஷன்ட் பொறுப்பாரா சார்?"

"லைன்ல இருங்க" என்றார். பிறகு ஏதோ இசை ஒலித்தது.

இதற்குள் பாய் நேரலைக்காரர்களின் வண்டிக்கு ஓடிப் போய்விட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "படத்தோட தரத்தக் குறைக்க முடியுமான்னு கேட்டேன் மேடம். இப்ப அதுல கைய வச்சா மொத்தமா நின்னுடும்னு சொல்றாங்க. நாம குறைச்சாலும் அதேதான். படம் உறைஞ்சிடும்."

படம் உறைந்தால் என்ன ஆகும் என்பதை இன்ஸ்பெக்டர்தான் சொன்னார். "திரை இருக்குன்னுதான் சனம் வெளித்தெருவுல நிக்குது. அது நின்னா எல்லாரும் கோபுரம் தெரியிற பக்கம் தள்ளிக்கிட்டு வருவாங்க. வடக்குத் தெரு முனை ரொம்பக் குறுகல். அங்கதான் பயம்."

அம்மா நிற்பது அங்கேதான். அம்மாவுக்குப் போன் போட்டேன். மணியே போகவில்லை. மறுபடி போட்டேன். அதே மௌனம்.

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டாக்டர் பாத்து ஊசி போடுற வரைக்கும் சார்."

அவர் கொஞ்ச நேரம் டிரோன் படத்தையே பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து, கீழத் தெருவில் இருக்கிற ஆட்களையெல்லாம் வடக்குத் தெரு முனைக்கு ஓடச் சொன்னார். என்னிடம், "நான் கை காட்டுனதும் நிறுத்துங்க. முன்னாடி வேண்டாம்" என்றார்.

மேலாளரின் போனில் இன்னும் இசை ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துண்டித்தேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். "அம்மா அங்கதான இருக்காங்க?" என்று கேட்டார். தலையாட்டினேன். வேறு எதுவும் பேசாமல் வேனிலிருந்து குதித்து வடக்குத் தெருப் பக்கம் ஓடினார்.

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். நான் நேரலைப் பங்கை இறக்கி, ஆம்புலன்ஸ் பங்கைத் திறந்தேன்.

தேர்முட்டித் திரையில் குருக்கள் ஒருவர் கடத்தைத் தோளுக்கு மேல் தூக்கியபடி அப்படியே நின்றுபோனார். அவர் பின்னால் பறந்த கொடியும் மடங்கிய நிலையில் நின்றது. சில விநாடிகள் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஊர் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. கூச்சல் என்று சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஏமாந்த சத்தம். அடுத்து கால்கள் நகரும் சத்தம் கேட்டது.

"வரல மேடம், இன்னும் வரல" என்றாள் நர்ஸ், இன்ஸ்பெக்டரின் போனில்.

"உங்க கருவிய ஒருதடவ நிறுத்திட்டுப் போடுங்க. அப்பதான் புதுப் பங்கப் பிடிக்கும்."

காத்திருந்தேன். டிரோன் படத்தில் வடக்குத் தெரு முனை கறுப்பாகத் தடித்துக்கொண்டே வந்தது. அதுவரை பரவி நின்ற தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எது அம்மாவின் தலை என்று அந்த உயரத்திலிருந்து எப்படித் தெரியும்? ஆனாலும் தேடினேன்.

ஸ்பீக்கரில் இன்ஸ்பெக்டரின் ஆள் பேச ஆரம்பித்திருந்தார். "பக்தகோடிகளே, திரையில் சிறு கோளாறு. யாரும் நகர வேண்டாம். புனித நீர் எல்லோர் மேலும் தெளிக்கப்படும். அப்படியே நில்லுங்க, பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்க."

"டாக்டர் தெரியிறாங்க!" நர்ஸ் கத்தினாள். "ஈசிஜி போவுது மேடம்!"

அதே நொடியில் டிரோன் படத்தில் தடுப்பு வேலி ஒன்று சாய்ந்தது. சவுக்குக் கழியில் கட்டியது. அதன் மேல் சிலர் விழுவது தெரிந்தது. காக்கிச் சட்டைகள் கை கோத்து அவர்கள் முன்னால் நின்றன.

"திறங்க மேடம், திரையத் திறங்க!" என்று இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார்.

"ஊசி போட்டாச்சா?" என்று போனில் கேட்டேன்.

"போட்டுக்கிட்டிருக்கேன். டாக்டர் துடிப்பப் பாத்துக்கிட்டே இருக்கணுங்கிறாங்க. இப்ப துண்டிச்சிடாதீங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மூச்சு என் காதில் விழுந்தது. அவர் விரும்பியிருந்தால் என்னைத் தள்ளிவிட்டுத் தானே ஏதாவது செய்திருக்கலாம். செய்யவில்லை. டிரோன் படத்தில் கை கோத்து நின்ற தன் ஆட்களைப் பார்த்து, "விட்டுடாதீங்கடா, விட்டுடாதீங்கடா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கோபுரத்தின் மேலிருந்து மேளமும் வேத ஒலியும் உச்சத்துக்குப் போயின. சனங்கள் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார்கள். கைகளைத் தூக்கியவர்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள். அதை டிரோன் படத்தில் கண்ணால் பார்த்தேன்.

"போதும்ங்கிறாங்க மேடம். துடிப்பு சீரா அடிக்குது. இனிமே குரல் இருந்தாப் போதும்" என்றாள் நர்ஸ்.

நேரலையைத் திருப்பிக் கொடுத்தேன். குருக்கள் கடத்தை இறக்கி வைத்துவிட்டிருந்தார். கலசத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் என்னால் வேனை விட்டு இறங்க முடியவில்லை. டவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. உள்ளங்கை ஈரத்தை சுடிதாரில் துடைத்துத் துடைத்து, அந்த இடமே கறையாகிவிட்டது. கூட்டமெல்லாம் கலைந்து, மதியம் தாண்டிய பிறகுதான் பாய் திரும்பி வந்தார். பின்னால் அம்மா. அம்மாவின் முந்தானை கிழிந்திருந்தது. ஒரு மருந்துக் கடைப் படியில் ஏறி, ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "அந்த நேரம் பாத்து டிவி நின்னு போச்சுடி. இத்தன வருசம் கழிச்சி அந்தத் தெருவுல நிக்கிறேன், தண்ணி ஊத்துறதப் பாக்கவே இல்ல."

"நான்தான்ம்மா நிறுத்துனேன்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த ஆளு யாரு?" என்றாள்.

"தெரியாதும்மா. வயக்காட்டு வேல செய்யறவருன்னு நர்ஸ் சொன்னா."

"பொழச்சிட்டாரா?"

"தஞ்சாவூர் போய்ச் சேந்துட்டாரு. உசுருக்கு ஒண்ணும் இல்லியாம்."

அம்மா கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப சரி" என்றாள். பிறகு, தாங்க முடியாமல், "அந்த ஊத்துறத மட்டும் காட்டிட்டு நிறுத்தியிருக்கலாம்" என்றாள். பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

தடுப்பு சாய்ந்ததில் ஒரத்தநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. வேறு சிலருக்குச் சிராய்ப்பு. அந்தப் பெண்ணை மறுவாரம் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை, பாராட்டவும் இல்லை. மாவுக்கட்டைக் காட்டி, "தை முடியிற வரைக்கும் அறுப்புக்குப் போவ முடியாதுங்க" என்றாள்.

அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மேலாளர் எனக்கு எதிராகப் பேசவில்லை, ஆதரவாகவும் பேசவில்லை. அனுமதியில்லாமல் ஒப்பந்தப் பங்கில் கை வைத்ததற்கு எச்சரிக்கை தந்தார்கள். அதே கூட்டத்தில், இனி எந்தத் தற்காலிக டவரிலும் ஆம்புலன்ஸ் பங்கைத் திறந்து வைத்த பிறகே மற்றவற்றைப் பிரிக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் பூம்புகார் கடற்கரையில் ஒரு விழாவுக்கு டவர் போடச் சொன்னார்கள். நேரலைக்காரர்கள் முதல் ஆளாக வந்து, தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். "உக்காருங்க, சொல்றேன்" என்றேன். பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தேன்.