இலவசப் பக்கத்தில் நான் எழுதிய விலாசங்கள்

1. சனிக்கிழமை காலை

தொண்ணூறுகளின் இறுதியில், மலேசியாவின் சிரம்பான் பேருந்து நிலையத்தருகே ஆறு கணினிகள் கொண்ட ஓர் இணையக் கடையில் நான் வேலை பார்த்தேன். பட்டிமன்ற மேடைகளில் கோப்பை வென்றவன் என்ற செருக்கும் அப்போது என்னோடு கடைக்கு வரும்.

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் முன்பு பால்மரம் சீவிய சரோஜா அக்கா வேகமாக உள்ளே நுழைந்தார்.

"தம்பி, என் வூட்டு அட்ரஸ அந்தாளுக்கு யாரு குடுத்தா?"

"எந்த ஆளுக்கு அக்கா?"

"என்னைக் கட்டினவனுக்குத்தான்! நேத்து ரஹாங்ல என் வாசல்ல வந்து நிக்கிறான். பக்கத்து வூட்டு ஆளுங்க வந்துதான் வெரட்டுனாங்க. ஓடுறப்ப இதைப் போட்டுட்டுப் போனான்."

அவர் மேசையில் வைத்தது நான் உருவாக்கிய இணையப் பக்கத்தின் அச்சுத்தாள். அதன் தலைப்பு நான் சூட்டியது: நம் தோட்டத்து உறவுகள். பதினோராவது வரியில் அக்காவின் பெயர், வீட்டு எண், தொழிற்சாலை, ஷிப்ட் நேரம்.

அடி தாங்க முடியாமல் கணவனைப் பிரிந்து மகளுடன் எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் அவர். தோட்டத்தார் அனைவருக்கும் அவர் இருக்குமிடம் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை. திறந்தவன் நான்.

2. படிவத்துக்கு முகம் தெரியாது

பெடாஸ் பக்கமிருந்த எங்கள் தோட்டம் அதற்குச் சற்று முன்புதான் விற்கப்பட்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்கள் ரஹாங், போர்டிக்சன் என்று சிதறினார்கள். பிரியாவிடை விருந்தில் ஒவ்வொருவரும் தம் புது விலாசத்தையும் வேலை விவரத்தையும் எழுதி என்னிடம் கொடுத்தார்கள். சிதறியவர்களை ஒன்றுகூட்டும் பெருமை என்னுடையதாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஹோம்பேஜ், அதாவது சொந்த இணையப் பக்கம், இலவசம் என்று அறிவித்திருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயர், விலாசம், தொலைபேசி, வேலை, வேலை நேரம் அனைத்தையும் அதன் படிவம் கேட்டது. ஒரே பிற்பகலில் எல்லாக் குடும்பங்களையும் நிரப்பினேன்.

லயத்தில் வளர்ந்தவனுக்கு விலாசம் இரகசியமன்று. வெளியூரார் வந்து ஒரு பெயரைச் சொன்னால், முதலில் எதிர்ப்படுகிறவரே வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார். அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன். ஆனால் வாளியைக் கீழே வைக்குமுன் அவர் வந்தவரின் முகத்தைப் பார்ப்பார் என்பதை மறந்துபோனேன். சரோஜா அக்காவின் கணவன் வந்திருந்தால், "அப்படி யாரும் இங்க இல்ல" என்று அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

தாளைப் படித்த முதலாளி நடராஜன் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்டா, மேடையில ஏறுனா எதிராளிய நூறு கேள்வி கேக்குற. அந்த ஃபாரத்த ஒரு கேள்வி கேக்கலியா? ஓசியில குடுக்கிறவனுக்குச் சோறு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டிருக்கலாம்லா!"

சோறு எங்கிருந்து வந்தது என்பது பக்கத்தின் மேலேயே மின்னிக்கொண்டிருந்தது: கடன் விளம்பரம், காப்புறுதி விளம்பரம். எங்கள் மக்களின் வீடுகளுக்குப் பெயர் சொல்லி விற்பனைத் தொலைபேசி அழைப்புகளும் வரத் தொடங்கியிருந்தன. இலவசத்துக்கு விலை இருந்தது. அந்த விலையைக் கொடுத்தவர்களிடம் நான் சம்மதம் கேட்கவே இல்லை.

பக்கத்தை அழித்தேன். தேடுதளங்களில் அதன் நகல் பல வாரம் தங்கியிருந்தது. அதை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினேன். சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி என்று இயந்திரம் பதில் எழுதியது.

அந்த வாரமே சரோஜா அக்கா வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றிய லாரியருகே நான் தலைகுனிந்து நின்றேன்.

"நீ கெட்டவன் இல்லடா தம்பி. ஆனா என் வாசல நீ தானம் பண்ணிட்ட."

எங்கே போகிறார் என்று அப்போது எவரிடமும் சொல்லவில்லை.

3. கைமாறும் நோட்டு

வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டபின், தடித்த நோட்டு ஒன்றை வாங்கி, குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறவர்கள் அதை எடுத்துச் சென்றார்கள். மற்ற நாட்களில் பேருந்து கண்டக்டர் மாரியப்பன் அண்ணன் தம் பையில் சுமந்தார். எவரும் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. எழுத விரும்பியதை மட்டும் எழுதினார்கள். யார் படிப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு சுற்று வர மூன்று மாதமாகும்.

திரும்பி வரும்போதெல்லாம், வலப்பக்கம் சாயும் சரோஜா அக்காவின் கையெழுத்தைத்தான் முதலில் தேடுவேன். அவர் பக்கம் வெறுமையாகவே இருந்தது. ஐந்தாம் சுற்றில், போர்டிக்சனில் குடியேறிய பாப்பாத்தி அக்கா தம் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தார்: "சரோஜாவும் மகளும் சுகம்."

அடுத்த ஞாயிறே போர்டிக்சன் போனேன்.

இணையக் கடைக்கு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, பிறர் பெயரைத் தட்டச்சு செய்யுமுன் அவரைக் கேளுங்கள். நான் கற்ற தொழிற்பாடம் இவ்வளவே. அதைக் கற்பதற்கான கட்டணத்தை வேறொருவர் செலுத்தினார்.

பாப்பாத்தி அக்கா தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க இருக்கான்னு கேக்கத்தானே இவ்ளோ தூரம் வந்த?"

"ஆமா அக்கா. வர்றப்ப அப்படித்தான் வந்தேன்."

"இப்ப?"

"வேணாம். அவங்களப் பாத்தா, நோட்டுல அவங்களுக்குன்னு விட்ட பக்கத்துல வேற யாரையும் எழுத விடலன்னு மட்டும் சொல்லுங்க."