திறக்க மறுத்த பாட்டு

நண்பன் குமாரின் அம்மா கிள்ளான் மருத்துவமனையில் மோசமான நிலையில் இருந்தார். பேத்தி பாடியதைக் கேட்க ஆசைப்பட்டார். அவள் பாடி ஸ்டூடியோவில் பதிவான பாடல்கள் எல்லாவற்றையும் பங்சாரில் உள்ள என் அலுவலகக் கணினியில் புதிய முறையில் சுருக்கி, ஒரே கோப்பாகக் கொண்டுபோனேன். அங்கே என் லேப்டாப் அதைத் திறக்க மறுத்தது. சுருக்கிய கருவி புதிது. லேப்டாப்பில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பழையது. அந்தச் சுருக்கத்தை விரிக்க அதற்குத் தெரியவில்லை.

“பரவாலப்பா, மெதுவா போயிட்டு வா,” என்றார் அம்மா.

பங்சாருக்குப் போய், பாடல்களைச் சுருக்காமல் அப்படியே நகலெடுத்துக்கொண்டு, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி மருத்துவமனைக்குத் திரும்பியபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. குமார் பாட்டை அவர் காதருகே வைத்தான்.

“கேக்குதாம்மா?”

அதன் பிறகு கடைசிவரை அவர் கண் திறக்கவேயில்லை.

குமார் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. ஒரு பாட்டையாவது போனில் போட்டுக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.