நாவல்மேட்டில் குடும்பத்துக்கு வீடு இல்லை

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஊர் பார்க்கக் கிளம்பவில்லை, வீடு பார்க்கக் கிளம்பினேன், அதுவும் எனக்கில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நான் கணக்கு எழுதிய காலத்தில் பேக்கிங் பிரிவில் இருந்தவள் மேரி. முந்தின நாள் போனில் கூப்பிட்டு, "நீ சும்மா கூட வந்தா போதும்கா. கண்ணாடி போட்ட ஆளு பக்கத்துல இருந்தா ஊட்டுக்காரங்க மரியாதையா பேசுவாங்க," என்றாள். என் கண்ணாடிக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

எண்ணூர் தாண்டும்வரை ஜன்னலோரம் சாம்பல் வாடை. மீஞ்சூரில் காட்டுப்பள்ளித் துறைமுக வேலைக்காரர்கள் இறங்க, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் ஏறிப் பெட்டியை நிரப்பினார்கள். சனிக்கிழமையும் வகுப்பு உண்டாம். பத்து மணிக்குக் கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து நாவல்மேடு ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஆட்டோவில் என்னைத் தவிர எல்லோரும் மாணவர்கள். என் மடியில் ஒருவனுடைய லேப்டாப் பை உட்கார்ந்து வந்தது.

நாவல்மேட்டின் வரலாறு சின்னது. முப்பது வருடத்துக்கு முன்னால் இது நாற்பது குடிசை, சுற்றிலும் நெல் வயல். வயலும் நிலக்காரர்களுடையது, குடிசை நின்ற மனையும் அவர்களுடையது. முதலில் ஒரு பொறியியல் கல்லூரி வந்தது, பின்னால் பாலிடெக்னிக், அதற்கும் பின்னால் நர்சிங் கல்லூரி. நிலக்காரர்கள் வயலை விற்று, மிச்ச இடத்தில் மாடி கட்டினார்கள். குடிசைக்காரர்கள் சிப்காட்டுக்குக் கூலி வேலைக்குப் போய், இருந்த இடத்திலேயே ஓடு வேய்ந்த பின்கட்டுகளில் வாடகைக்கு இருந்தார்கள். மாடி ஏற ஏறப் பின்கட்டுகள் இடிந்தன. அந்த நாற்பது குடிசைகளில் ஒன்றில் பிறந்தவள் மேரி. இப்போது மிஞ்சியிருப்பது மூன்றே குடும்பம். அவள் இருக்கும் பின்கட்டையும் இந்த மாதக் கடைசியில் இடிக்கிறார்கள்.

கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு ஜெராக்ஸ் கடை, அப்புறம் ஆந்திரா மெஸ், ஷவர்மா, செல்போன் கண்ணாடி ஒட்டுகிற கடை. தக்காளி விற்கும் கடை ஒன்றுகூட இல்லை. ஊரில் அடுப்பு எரியும் வீடு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் என்றால் எவன் கடை போடுவான்? கைக்குழந்தை அழுகிற சத்தமும் எங்கும் கேட்கவில்லை. ஆட்டோ நின்ற இடத்துக்கே வந்து என்னை அழைத்துப்போன மேரி ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தைக் காட்டினாள். பூட்டியிருந்தது. மூன்று கல்லூரி உள்ள ஊரில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை இல்லை.

"இங்கியே ஊடு கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஊத்துக்கோட்டைல நாத்தனார் ஊட்டுல ஒரு ரூம்பு தரேன்னு சொல்லிக்கினு கீறாங்க. எம் புருசனுக்குப் பேஜாரு இல்லக்கா, கம்பெனி பஸ்ஸு அங்கியும் வருது. ஜெனிபருதான்."

ஜெனிபர் அவளுடைய ஒரே மகள். எதிரே இருக்கும் பொறியியல் கல்லூரியில் சீட்டு கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் வகுப்பு. அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். ஊத்துக்கோட்டையிலிருந்து வருவதென்றால் ரெண்டு பஸ் மாறி, ஆட்டோ பிடிக்க வேண்டும். நாத்தனார் பெண் அப்படித்தான் ஒரு காலேஜுக்குப் போய்வந்து, ஆறே மாதத்தில் நின்றுவிட்டாளாம். அதனால் வீடு இந்த ஊரிலேயே வேண்டும்.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தோம். நான் இருக்கும் பெரம்பூரில் தெருவுக்கு நாலு வீட்டில் 'பேச்சிலர்களுக்கு வீடு இல்லை' என்று பலகை தொங்கும். இங்கே தலைகீழ். முதல் வீட்டுக்காரர் பனியனோடு மாடியிலிருந்தே பேசினார்.

"ஃபேமிலியா? பசங்களுக்கு மட்டுந்தாம்மா உடுறது."

"ஏங்க, ஃபேமிலின்னா பொறுப்பா வச்சுக்குவாங்களே?" என்றேன் நான், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

"நாலு வருசம் ஆனா பசங்க போய்க்கினே இருப்பாங்க. அடுத்த செட்டுக்கு வாடகைய ஏத்திக்கலாம். இவங்க போவ மாட்டாங்களே."

அடுத்த வீட்டு அம்மாவுக்கு மேரியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மோர் கொடுத்தார், மகளுக்குச் சீட்டு கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டார். "ஒரு ரூம்ல நாலு பசங்க கீறாங்க மேரி, தலைக்கு இவ்ளோன்னு தராங்க. உனக்கு உட்டா எங்க ஊட்டுக்காரரு என்னிய உள்ள சேப்பாரா?" என்றார். மோர் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வீட்டு வாசற்படியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் எங்களை உட்காரச் சொன்னான். தருமபுரிப் பையன், கடைசி வருடம். வீடு தேடுகிறோம் என்றதும் சிரித்தான்.

"எப்படா இங்கிருந்து போவோம்னு நாங்க இருக்கோம், நீங்க வீடு தேடுறீங்களேக்கா."

அவன் மேல் தப்பில்லை. இந்த ஊரில் எல்லோருமே கிளம்புகிறவர்கள். அதனால்தான் சாக்கடைக்கு மூடி இல்லை, விளக்குக் கம்பத்தில் விளக்கு இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. கிளம்ப மாட்டேன் என்கிறவளுக்கு இங்கே இடமும் இல்லை.

மூன்று மணிக்குள் ஒரு தெரு பாக்கியில்லாமல் ஏறி இறங்கிவிட்டோம். கடைசியாகப் போனது மேரியின் பின்கட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த நாலு மாடிப் பெண்கள் விடுதி. அதன் கீழ்த்தளத்தில் ஓர் அறை காலி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜெனிபரும் வந்து சேர்ந்துகொண்டாள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேடம் வெளியூர்க்காரர், இனிமையாகப் பேசினார்.

"ஃபேமிலிக்கு இல்லம்மா. பொண்ணு ஸ்டூடன்ட்டா? அவங்களுக்கு ஒரு பெட் இருக்கு, தாராளமா சேத்துக்கறேன்."

மேரி என்னைப் பார்த்தாள். பின்கட்டுக்குக் கொடுக்கும் வாடகையை இந்தக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடலாம். கணக்கு எழுதிய எனக்கு முன்னால் அவள் அதைப் போட்டு முடித்துவிட்டாள்.

"எந்த ஊரும்மா நீங்க?" மேடம் ரெஜிஸ்டரைத் திறந்தார்.

"இந்த ஊருதாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "இங்க ஏதும்மா சொந்த ஊர்க்காரங்க? சரியா சொல்லுங்க, எழுதணும்."

மேரி திறந்திருந்த ரெஜிஸ்டரைப் பார்த்தாள். பிறகு, "ஊத்துக்கோட்டைன்னு போட்டுக்கங்க," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஒரு நிபந்தனை. கட்டிலுக்கு வேறொரு பெண் காத்திருக்கிறாள். ஜெனிபர் இன்றைக்கே வந்துவிட வேண்டும். பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பார்க்கலாம், கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது.

"ஞாயித்துக்கெழம இங்க ஆட்டோ ஓடாதே மேடம்," என்றாள் மேரி.

"எல்லாப் பேரன்ட்சும் கார்லதாம்மா வராங்க."

"சரி, கும்மிடிப்பூண்டிலேர்ந்து நடந்து வந்துக்கறோம்."

"வேணாம்மா," என்றாள் ஜெனிபர். "நான் பஸ்லயே வந்து போறேன்."

"ஒண்ணும் வேணாம். போயி தலகாணி எட்னு வா," என்றாள் மேரி. அந்தப் பெண் அழுதுகொண்டே போய், தலையணையும் ஒரு பையுமாகத் திரும்பி வந்தாள். கேட்டுக்குள் போகும்போது அம்மாவைத் தொடக்கூட இல்லை.

ஆறு மணிக்கு ஆட்டோவுக்காக விடுதிக்கு எதிரே நின்றோம். இரண்டாவது மாடி ஜன்னலில் ஜெனிபர் தெரிந்தாள். "மத்தியானம் துன்னியாடி?" என்று மேரி கீழேயிருந்து கேட்டாள். மேலேயிருந்து பதில் வருவதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

"யம்மா, பொம்பளப் புள்ளைங்க கீற எடம். இங்க நின்னுக்கினு கூவக் கூடாது. தள்ளிப் போங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடியைக் கழற்றி அவர் மேல் எறிந்திருப்பேன். மேரி என்னை இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள்.

"உடுக்கா," என்றாள். "அவருக்கு இன்னா தெரியும், ஊருக்குப் புதுசு."

ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டேன். அன்று ராத்திரி அவள் படுக்கப்போவது மகளிடமிருந்து இரண்டே தெரு தள்ளி. முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆக வேண்டும். காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டினார்.