இருபத்தோராவது தட்டு

ஆடி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: “இன்று வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. கூடவே ஒரு டேப்லெட்டும் ஒரு கைக்கடிகாரமும் இனாம். மழை இல்லை. மதியம் கொத்தவரங்காய்ப் பொரியல்.” இந்த நான்கு செய்திகளில் மூன்று சரியானவை.

அதற்கு முந்தின நாள், பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்த நிறுவனத்தார் ஒரு பெரிய குடையை விரித்து, அதன் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மேசையில் இருந்த விற்பனையாளர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

“சார், ஆடி ஆஃபர் சார். ஒரு வருசத்துக்கு நெட்டுப் போட்டா டேப்பும் வாட்சும் ஃப்ரீ.”

“ஃப்ரீன்னா எப்படிங்க?”

“ஃப்ரீன்னா ஃப்ரீதான் சார். காசு குடுக்காம எடுத்துட்டுப் போறது.”

நான் சோப்பு உறையில் இருக்கும் பொடி எழுத்தையும் விடாமல் படிப்பவன். ஆனால் இங்கே என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல ஒரு தாளும் இல்லை. எல்லாம் அவருடைய செல்போன் திரையில் ஓடியது. அவர் விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனார். என் போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. கேட்டார், சொன்னேன். மறுநாள் வயர் இழுக்க ஆள் வந்தபோது இரண்டு பெட்டிகளும் வந்து சேர்ந்தன.

கடிகாரத்தை என் மனைவி அன்றே பிரித்துக் கட்டிக்கொண்டாள். அது இரண்டு மணி நேரத்துக்கொரு முறை கையில் அதிர்ந்து, எழுந்து கொஞ்சம் நடக்கச் சொல்லும். அவள் அடுப்படியில் நின்றபடியே அதைத் திட்டுவாள். “நின்னுக்கிட்டுத்தானே கெடக்குறேன், கண்ணு தெரியல உனக்கு?” டேப்லெட் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. அலமாரியில் அகராதிகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அதியமான்கோட்டையில் என் தங்கையின் பிள்ளைகள் இருவருக்கும் காதணி விழா. நான் அவளுக்கு ஒரே அண்ணன். பிள்ளைகள் என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். தாய்மாமன் சீர்த் தட்டுகள் மேளத்தோடு மண்டபத்துக்குள் போகும்போது, தங்கையின் புகுந்த வீட்டார் வரிசையாக நின்று எண்ணுவார்கள். பார்ப்பதுபோல எண்ணுவார்கள். தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இருபத்தொன்று என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

காலையில் வேனில் ஏற்றும்போது எண்ணினால் இருபதுதான் வந்தது. மீண்டும் எண்ணினோம். அப்புறம்தான் பார்த்தோம், வேன் ஓட்டுநர் மைசூர்பாகுத் தட்டின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மெத்துமெத்துன்னு இருந்துச்சுங்க” என்றார்.

கடை திறக்கும் நேரமில்லை. என் மனைவி வீட்டுக்குள் ஓடினாள். டேப்லெட் பெட்டியை எடுத்து வந்து தட்டில் நிறுத்தி, கண்ணாடித் தாள் சுற்றினாள். ரிப்பன் இல்லை. தன் பழைய பட்டுப் பாவாடையின் அரக்கு நிற ஜரிகைக் கரையைக் கிழித்துக் கட்டினாள். இருபத்தொன்று ஆயிற்று.

மண்டபத்தில் மைக் பிடித்தவர் மற்ற இருபது தட்டுகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இதற்கு மட்டும் நிறுத்தி, “தாய்மாமன் வழங்கும் டேப்லெட்!” என்று அறிவித்தார். கைதட்டினார்கள். தங்கையின் நாத்தனார், கம்பைநல்லூரில் வாழ்க்கைப்பட்டவர், அந்த வீட்டில் எல்லோரும் அஞ்சும் ஆள், மூக்கில் விரல் வைத்து, “தம்பிக்குப் பெரிய கைதான்” என்றார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

புரட்டாசி முதல் வாரம் பில் வந்தது. இணையக் கட்டணத்துக்குக் கீழே “சாதனத் தவணை” என்று இரண்டு வரிகள் இருந்தன. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். பாட்டு கேட்டேன், எண்களை அழுத்தினேன், மீண்டும் பாட்டு கேட்டேன். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

“சார், டிவைஸ் ஃப்ரீதான் சார்.”

“அப்புறம் இந்தத் தவணை?”

“அது டிவைஸோட மாச சார்ஜ் சார். ரெண்டு வருசத்துக்கு வரும். டிவைஸுக்குத் தனியா நீங்க எதுவும் கட்ட வேண்டாம்.”

இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது என்று அந்தப் பெண் நம்பியது குரலிலேயே தெரிந்தது. நானும் விடவில்லை. மூன்றாம் முறை அழைத்தபோது ஒரு வழி சொன்னார்கள். சீல் உடையாத பெட்டியை அடுத்த பில்லுக்கு முன் தர்மபுரி ஷோரூமில் ஒப்படைத்தால் அந்தத் தவணை ரத்தாகும். கடிகாரம் பிரித்ததாயிற்று, அதற்குக் கட்டித்தான் ஆக வேண்டும். டேப்லெட்டைத் திருப்பலாம்.

திருப்பலாம், கையில் இருந்தால்.

ஓய்வு நேரத்தில் இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பார்த்துப் படியெடுப்பது என் பழக்கம். கொடுத்த தானத்தைத் திரும்ப எடுப்பவன் எந்தெந்தப் பாவத்தில் போவான் என்று அவற்றில் பட்டியலே இருக்கும். தாய்மாமன் சீரைத் திரும்பக் கேட்பவனைப் பற்றி எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவன் இருப்பான் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

“திருப்பிக் கேட்டீங்கன்னா, ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா, ஓசியில வந்ததத் தட்டுல வெச்சான் அண்ணங்காரன்னு உங்க தங்கச்சிய அந்த வூட்ல ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க” என்றாள் மனைவி. “நானும் அந்த வாசல மிதிக்க முடியாது.”

அவள் சொன்னது சரி. தவணையைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பது என்றுதான் முடிவு செய்தோம். முடிவு செய்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. மனைவி போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கம்பைநல்லூர் நாத்தனார் ஆவணிக் கடைசியில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். காய்ச்சல் காரணமாக நாங்கள் போகவில்லை. அந்தக் கிரகப்பிரவேசப் படங்களை யாரோ உறவினர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள்.

“இந்த போட்டோவப் பெருசு பண்ணிப் பாருங்க.”

என் தங்கை சிரித்தபடி நாத்தனாரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தாள். அரக்கு நிற ஜரிகைக் கரை.

“என் பாவாடைங்க அது” என்றாள் மனைவி. பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்த சிரிப்பில், நாடித்துடிப்பு அதிகமாகிவிட்டதாகக் கைக்கடிகாரம் எச்சரித்தது.

தாய்மாமன் சீரைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு பெரிய குற்றமோ, அதைப் பிரிக்காமலே இன்னொருவர் விசேஷத்துக்குத் தள்ளிவிடுவதும் அவ்வளவு பெரிய குற்றம். இப்போது எங்கள் முன் இருந்த கேள்வி வேறு. பெட்டி இன்னும் கம்பைநல்லூரில் இருக்கிறதா? இதற்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது. ஆவணிக் கடைசியில் போய்ச் சேர்ந்த பெட்டி. அதன் பிறகு புரட்டாசி. புரட்டாசியில் நம்மவர்கள் யாரும் விசேஷம் வைப்பதில்லை. விசேஷம் இல்லாத மாதத்தில் அன்பளிப்புப் பெட்டி நகராது. ஐப்பசி பிறந்து முதல் முகூர்த்தம் வந்துவிட்டால் அது எந்த ஊர் மண்டபத்துக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புரட்டாசி முடிவதற்குள், புது வீட்டைப் பார்க்க வந்தவர்களாக, ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றைச் சுமந்துகொண்டு கம்பைநல்லூர் போனோம். நாத்தனார் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கடைசி அறையில் அன்பளிப்புகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. சுவர்க் கடிகாரங்கள் மட்டுமே ஒரு சுவருக்கு வரும். மேலே எங்கள் பெட்டி.

மனைவி ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னாள். “அக்கா, எங்க அண்ணன் வூட்ல ஒரு விசேஷம் வருது. இந்த மாதிரி டேப்லெட் ஒண்ணுதான் தேடிக்கிட்டு இருக்கோம். கடையில ஸ்டாக்கே இல்லங்க்கா.”

அவர் பெட்டியைப் பார்த்தார். ஜரிகைக் கரையைப் பார்த்தார். என் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கொண்டாந்த குக்கரு எத்தன லிட்டரு?”

“அஞ்சுங்க்கா.”

“எங்க வூட்ல ஆளு ஜாஸ்தி. ஏழரையாக் குடுத்துட்டு இத எடுத்துட்டுப் போ.”

“அக்கா, அஞ்சே நல்லாப் பெருசாத்தான் இருக்கும்.”

“டேப்பும் பெருசாத்தான் இருக்கு கண்ணு.”

நான் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய குக்கராக மாற்றி வந்தேன். அவர் மூடியைப் போட்டுப் பார்த்து, கேஸ்கட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “தம்பி, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நீ கவலப்படாத. போய்ட்டு வா.”

இதற்கு என்ன பொருள் என்று அரூர் சாலையில் மனைவி மூன்று விதமாகச் சொன்னாள். மூன்றுமே பொருந்தின.

மறுநாள் தர்மபுரி ஷோரூமில் அரைமணி நேரம் டோக்கனோடு காத்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் சீலைத் தடவிப் பார்த்தார்.

“பிரிக்கவே இல்லையா சார்? இத்தன நாளா வூட்ல சும்மாவா வெச்சிருந்தீங்க?”

“மூணு வூட்ல சும்மா வெச்சிருந்தோம்.”

அவருக்குப் புரியவில்லை. ரசீது கொடுத்தார். அடுத்த பில்லில் டேப்லெட் வரி இல்லை. கடிகார வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்த நாளிலிருந்து மனைவி, கடிகாரம் சொல்லும்போதெல்லாம் எழுந்து நடக்கிறாள். கட்டுகிற காசுக்கு நடந்தே தீர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறாள்.

தீபாவளிக்கு அழைக்கத் தங்கைக்குப் போன் செய்தேன். பிள்ளைகளின் காதுப் புண் ஆறிவிட்டதா, மச்சான் எப்படி இருக்கிறார் என்றெல்லாம் பேசினோம். வைக்கும் நேரத்தில் அவளாகவே சொன்னாள்:

“அப்புறம் அண்ணா, நீ குடுத்த டேப்பு நல்லா ஓடுது. புள்ளைங்க அதுலதான் படிக்கறாங்க.”

“சந்தோசம்மா. சார்ஜ் நிக்குதா?”

“நல்லா நிக்குதுண்ணா.”

அவள் குரலில் ஒரு சிறு பிசிறுகூட இல்லை. என் குரலிலும் இருந்திருக்காது என்று நம்புகிறேன். கம்பைநல்லூர் நாத்தனார் அதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால், என் தங்கை என்னை ஆழம் பார்த்திருக்கிறாள். சொல்லவில்லை என்றால், அவள் எனக்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறாள். இரண்டில் எது என்பதை இந்தப் பக்கத்தை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.