மெஷினின் வேகம், என் வேகம்

இரும்புக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. ஒரு ஷெட்டுக்கு எத்தனை தூண், எந்தத் தூணில் எத்தனை துளை என்று முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டரில் எழுப்பிப் பார்த்து, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தாள் எடுத்துத் தரவேண்டும். கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் பதினொரு வருடம் இதைச் செய்தேன். மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் பெருமாட்டியிலிருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் போய்வருவது முடியாமல் ஆயிற்று. வீட்டிலிருந்து செய்யலாமா என்று கேட்டேன். சொந்த மெஷின் இருந்தால் செய்யலாம் என்றார்கள்.

சாதாரண லேப்டாப் இந்த வேலைக்குத் தாங்காது. ஏதோ கம்பெனி உபயோகித்துக் கழித்த வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் ஒன்றைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். மூன்று கிலோ. சார்ஜர் மட்டுமே செங்கல் கனம். வாங்கிய வாரம் அலுவலகத்திலேயே உட்கார்ந்து அதைச் சரிப்படுத்தினேன். பழைய கம்பெனியின் மிச்சங்களைத் துடைத்தேன். கிராபிக்ஸ் டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்ட பிறகுதான் எங்கள் மென்பொருள் சண்டை போடாமல் திறந்தது. மெஷினை எழுப்பும்போதெல்லாம் ஏதோ எச்சரிக்கை காட்டி, ஒரு பட்டனை அழுத்தும்வரை நின்றது. அதையும் நிறுத்திவைத்தேன்.

ஐந்து மாதம் நன்றாக ஓடியது. பின்கட்டு அறையில் மேசை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் தென்னந்தோப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

பிறகு மெஷின் மெதுவானது. ஒரே நாளில் அல்ல. காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்குத் திரையில் கட்டடத்தைத் திருப்பினால் திணறும், மத்தியானம் மறுபடி சரியாகும். பிறகு சரியாகும் நேரங்கள் குறைந்தன. அப்போது என் கையில் இருந்தது ஒரு ரைஸ் மில் ஷெட். மூன்று நாளில் முடியவேண்டிய தாள்கள் எட்டு நாள் ஆயின.

மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். விண்டோஸையே புதிதாகப் போட்டேன். பின்மூடியைக் கழற்றியபோது விசிறியில் செம்மண் தூசி அடையாக இருந்தது. பிரஷ்ஷால் துடைத்து, சிப்பின் மேல் சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி மூடினேன். அதன் பிறகு மெஷின் சூடாகவே இல்லை. கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது. நான் செய்தது பலித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் வேகம் வரவில்லை.

எங்கள் டீம் லீடர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாள் போன் செய்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல வேலை ஜாஸ்திங்களா?"

"இல்லைங்க. மெஷின் ஸ்லோவா இருக்குங்க. போன வாரமே சொன்னேன்."

"சொன்னீங்க. எல்லாம் புதுசா போட்டுப் பாத்துட்டேன்னும் சொன்னீங்க."

இரண்டு நாள் கழித்து ரைஸ் மில் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் போட்ட தாள்களில் பிழை பார்க்கும் வேலையை எனக்கு அனுப்பினார். அது தாழ்ந்த வேலை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டு வாங்கியதும் இல்லை.

வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. மாமியார் மட்டும், "அம்மிணி, நாள் முச்சூடும் அந்தப் பொட்டி முன்னாலயே உக்காந்துட்டு இருக்கற. இன்னும் முடியலீன்னா எப்படி?" என்றார். கோபத்தில் அல்ல, கவலையில்.

சில வாரங்களில் நானே அப்படி நினைக்க ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று வயது. பக்கத்து டவுன் சித்தூரில் கண்ணைக் காட்டிக் கண்ணாடி மாற்றிக்கொண்டேன். ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் யோசிக்கும் நேரம் கூடிவிட்டதோ என்று என்னையே கவனித்தேன். வேலையை விடுவதாக ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் மின்வாரியத்து ஆட்கள் வந்து, லைனில் சாயும் மட்டைகளை வெட்ட வேண்டும் என்று கரண்டை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும் இன்டர்நெட் பெட்டியும்தான் ஓடும். என் மேசையின் ப்ளக்குக்கு அந்த இணைப்பு கிடையாது. பேட்டரி இருக்கும்வரை பார்க்கலாம் என்று ஒரு தாளைத் திறந்தேன். சட்டென்று திறந்தது. கட்டடத்தைத் திருப்பினேன். திரும்பியது. முழுக் கட்டடமும் அடங்கிய பெரிய மாடல் ஒன்றைத் திறந்து சுழற்றினேன். வாங்கிய வாரத்தில் ஓடியதைப் போல ஓடியது.

அப்போது கணவர் தோப்பிலிருந்து சாப்பிட வந்தார்.

"ஏனுங்க, கரண்ட் போனதும் இது வேகமா ஓடுதுங்க."

"கரண்ட் போனா வேகமாகுமா? அதெப்படி?"

"தெரியலைங்க. இங்க வந்து பாருங்க."

பிராசஸரின் வேகத்தைக் காட்டும் சிறிய ஜன்னலைத் திறந்தேன். இத்தனை நாளும் சூட்டைப் பார்த்தேன், மெமரியைப் பார்த்தேன். இந்த எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்றரை கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது. இருவரும் கரண்டுக்காகக் காத்திருந்தோம். சோறு ஆறியது. கரண்ட் வந்தது. எண் ஒன்றுக்கும் கீழே விழுந்து அங்கேயே நின்றது.

"சார்ஜரைப் புடுங்கு அம்மிணி."

பிடுங்கினேன். ஏறியது. செருகினேன். விழுந்தது. சார்ஜர் வயரை இழுத்துப் பார்த்தவர் அவர்தான். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி வயர் நசுங்கியிருந்தது. என் நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் இடம் அது. அந்த இடத்தை அவர் வளைத்துப் பிடித்ததும் எண் ஏறியது, விட்டதும் விழுந்தது.

இந்த வகைச் சார்ஜர்களில் நடுவே ஒரு மெல்லிய கம்பி உண்டு. நான்தான் உன் சார்ஜர் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது அறுந்தால் மின்சாரம் வந்தாலும் மெஷின் நம்பாது, கால்வாசி வேகத்துக்கும் கீழே தன்னை அடக்கிக்கொள்ளும். சூடாகாமல் இருந்ததும் அதனால்தான். இப்படி ஆனால் எழும்போதே எச்சரிக்கை வரவேண்டும். முதல் வாரம் அலுவலகத்தில் கிடந்த வேறொரு சின்னச் சார்ஜரைப் போட்டிருந்தபோது வந்த எச்சரிக்கை அதுதான். தொல்லை என்று அதை நிறுத்தியவள் நான்.

சித்தூரில் புதுச் சார்ஜர் வாங்கினேன். எச்சரிக்கையை மறுபடி போட்டுவைத்தேன். இரண்டு வேகங்களையும் படம் எடுத்து டீம் லீடருக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தேன்.

"ரைஸ் மில் வேலையை இப்ப மாத்த முடியாதுங்க மேடம்."

"அதக் கேக்கலைங்க. அடுத்த மாடல் வந்தா எனக்குக் குடுங்க."

"பாக்கலாங்க."

வருத்தம் தெரிவிப்பார் என்று ஒரு நாள் எதிர்பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். எழுதிவைத்த மெயிலை அழித்தேன்.

இரண்டு வாரம் கழித்து உடுமலைப் பக்கம் கட்டவிருந்த ஒரு கோழித்தீவனக் கிடங்கை எனக்கு அனுப்பினார். ஆறு நாளில் முடித்துக் கொடுத்தேன். மூன்று திருத்தம் குறித்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு என் பிழை. மூன்றாவதில் அவர் துளையின் அளவைத் தவறாகப் படித்திருந்தார். அதை எழுதி அனுப்பினேன். "கரெக்ட்டுங்க மேடம்" என்று பதில் வந்தது.