ஈர அரிசியும் வராத கரண்டும்

பிள்ளைகளே, நீங்கள் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. 2008 வாக்கில், திண்டுக்கல்லில் நான் மாவு மில் வைத்திருந்தபோது, அது அத்தனை லேசான காரியமில்லை. ஆடிக் காற்று ஓய்ந்து காற்றாலைகள் நின்றதும் மின்வெட்டு கூடிவிடும். எங்கள் பகுதிப் பெண்கள் வெட்டு நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் அரிசியே ஊறப் போடுவார்கள். அதிலும் அதிரசத்துக்கு அரிசியை ஈரம் இருக்கும்போதே அரைத்தாக வேண்டும். தாமதித்தால் புளித்துவிடும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஓர் அக்கா ஈர அரிசியோடு வந்தார். மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் போக வேண்டும். காலையில்தான் வெட்டு என்று மின்சார ஆபீசில் சொல்லியிருந்ததை நம்பி, மதியத்துக்குப் பதமாக வடித்துக் கொண்டுவந்திருந்தார். மதியமும் கரண்டு இல்லை.

மிளகாய் அரைக்கக் காத்திருந்த அய்யலூர்க்காரர் ஆறுதல் சொன்னார். "கப்பல்ல வரவேண்டிய கரி வரலையாம்க்கா. கரி இல்லாம அனல் மின்நிலையம் எப்படி ஓடும்? தெக்க கடலோரத்துல அணு உலை கட்டுறாக. அது வந்துட்டா கரண்டு போகவே போகாதாம்."

"அது என்னண்ணே அணு உலை?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கரிய எரிச்சாலும் அணுவப் பொளந்தாலும் சூடுதான்க்கா. அந்தச் சூட்டுல தண்ணி கொதிச்சு, ஆவி சக்கரத்தச் சுத்தும். அதுலதான் கரண்டு."

"எங்க வீட்லயுந்தான் தெனமும் ஒல கொதிக்குது. ஒரு பல்பு எரியலையே!"

அய்யலூர்க்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செத்த நேரத்தில் பல்பு எரிந்தது. "போடுங்கண்ணே!" என்று அக்கா எழுந்தார். மில் மோட்டாருக்கு மூன்று கம்பியிலும் கரண்டு வர வேண்டும். அதைக் காட்டப் பலகையில் மூன்று சின்ன விளக்குகள் உண்டு. ஒன்றுதான் எரிந்தது.

"பல்பு எரியுது, காத்தாடி சுத்துது, மில்லு மட்டும் ஓடாதாக்கும்? அரைக்க மனசில்லன்னு சொல்லிட்டுப் போங்க."

"இப்பப் போட்டா மோட்டாரு கருகிரும்க்கா. அப்புறம் தீவாளிக்கு ஒருத்தருக்கும் மாவு இல்ல."

அவர் நம்பவில்லை. மின்சார ஆபீசுக்குப் போன் செய்தேன்; யாரும் எடுக்கவில்லை. யாரிடம் போய்க் கத்துவது? கரி வராததற்கும், உலை கட்டி முடியாததற்கும் அந்தம்மாவிடம் ஏச்சு வாங்குவது நான்.

பொழுது சாயும்போது மூன்று விளக்கும் எரிந்தன. அக்கா அரிசியில் கையை விட்டு மோந்து பார்த்தார். புளித்த வாடை எனக்கே வந்தது.

"அரைக்கவாக்கா?"

"புளிச்ச அதிரசத்த அனுப்பி எம் மக பேச்சு வாங்கவா?"

"நாளைக்குப் புதுசா ஊறப்போட்டுக் கொண்டாங்க. மொதல்ல உங்களுக்குத்தான்."

"எப்ப ஊறப்போடட்டும்? கரண்டு எப்ப வரும்னு சொல்லுங்க, அந்நேரத்துக்குப் போடுறேன்."

அய்யலூர்க்காரரைப் பார்த்தேன். அவர் மிளகாய் மூட்டையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அக்கா அரிசியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வருசம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கடை அதிரசம்தான் போனது.